இடக்கையில் வாள்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் இருக்கிறது, எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறானா செத்தானா என்று எட்டிப் பார்க்காதவன், ஊமைப்படத்தில் ஒரு வெள்ளைக்காரன் கப்பல் கயிற்றில் தொங்கினால் விழுந்துவிடுவானே என்று நெஞ்சில் கை வைக்கிறான். துணியில் கடல் தெரிந்தால் வேட்டியைத் தூக்கிப் பிடிக்கிறான். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிப் போய்விட்டார். அவரைப் பார்க்க வந்த கூட்டம் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. வைகை மணலில் காசிமாயன் போட்ட பயாஸ்கோப் கூடாரத்தைச் சுற்றியே கிடக்கிறது.

இதையெல்லாம் நான் பிலோமினாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. கையில் குடையோடு வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"திட்டி முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க ஐயா," என்றாள். "என் தம்பியை இன்னைக்குச் சாயங்காலம் போலீசுல பிடிச்சுக் குடுக்கப் போறாங்க."

நான் உக்கிரபாண்டி. போலீசில் ஏட்டாக இருந்தவன். படிப்பு எழுத்துக் கூட்டுகிற மட்டும்தான். அதிகாரி ஒருத்தர் எழுதிவைத்த பொய்ச் சாட்சியில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன், உடுப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு திருட்டு என்றால் ஊர்க்காரர்கள் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வருகிறார்கள். நான் யாரையும் நம்புவதில்லை என்பது அவர்களுக்கு எப்படியோ பிடித்திருக்கிறது.

பிலோமினாள் சொன்னது இவ்வளவுதான். அவள் தம்பி ஞானசீலன் அந்தக் கூடாரத்தில் மிஷின் சுற்றுகிறவன். 'பாய்மர வீரன்' என்ற படம் எட்டு ரீல். நேற்று இரவு ஏழு ரீல் ஓடியது. எட்டாவது டப்பாவைத் திறந்தால் உள்ளே ஆற்று மணல். கடைசிச் சண்டையைப் பார்க்க வந்த கூட்டம் மணலை வாரி மிஷின் மேலேயே இறைத்தது. ரீலை ஞானசீலன்தான் வேறு கூடாரத்துக்காரனுக்கு விற்றுவிட்டான் என்கிறான் காசிமாயன். இன்று ஆட்டம் தொடங்குவதற்குள் ரீல் வராவிட்டால், படம் பார்க்க வரும் சப்-இன்ஸ்பெக்டர் கையிலேயே பையனை ஒப்படைத்துவிடுவானாம்.

"உன் தம்பி எடுக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு மேல்துண்டை எடுத்தேன்.

வெளியே ஜமீல் ஜட்காவோடு காத்திருந்தான். எங்கே போனாலும் அவன் வண்டிதான். முப்பத்தைந்து வயதுக்காரன். அவன் வாய் நிற்கிற நேரம் குதிரை நிற்கிற நேரத்தைவிடக் குறைவு. என்ன விஷயம் என்று கேட்டவன், சிரித்தான்.

"என் குதிரையும் உங்களை மாதிரித்தான்ணே. கொள்ளுலகூட மோந்து பாக்காம வாய வைக்காது."

"அதனாலதான் அது இன்னும் உயிரோட இருக்கு. ஓட்டு மாப்ள."

கூடாரம் பெரியதுதான். நடுவில் கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முன் பக்கம் ஆண்கள் உட்காருகிற மணல் தரை, அதற்குப் பின்னால் நாலு நாற்காலி, அதற்கும் பின்னால் தகரத்தில் அடித்த மிஷின் கூண்டு. திரைக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு. ஆற்றில் ஊற்றுத் தோண்டி, ஆட்டம் தொடங்குமுன் திரையை நன்றாக நனைத்துவிடுவார்கள். துணி நனைந்தால் படம் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். ஒரே மிஷின், ஒரே துணி, இரண்டு பக்கமும் டிக்கெட். காசிமாயன் அப்படிப்பட்ட ஆள்.

அவன் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். ஏட்டு வேலை போன பிறகும் ஏன் இந்த வேலை என்று கேட்டான். உடுப்புத்தான் போனது, மூக்கு போகவில்லை என்றேன்.

ஞானசீலன் கூண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் இன்னும் மணல் இருந்தது. நேற்று மத்தியானம் சாப்பிடப் போனபோது கூண்டைப் பூட்டினாயா என்று கேட்டேன். பூட்டவில்லை என்றான். தகரக் கூண்டைச் சித்திரை வெயிலில் பூட்டிவைத்தால் பிலிம் தானாகவே பற்றிக்கொள்ளும், அதனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, காவலுக்குக் கண்ணுச்சாமியை உட்கார வைத்துவிட்டுத்தான் போவானாம்.

கண்ணுச்சாமி காவல்காரன். என் வயசிருக்கும். அவன் கண்டதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்களாம். நான் சிரிக்கிற வழக்கம் இல்லாதவன் என்று ஜமீல் உத்தரவாதம் கொடுத்த பிறகு சொன்னான்.

உச்சி வெயில். கண் சொருகிவிட்டது. விழித்தால், எதிரே மணல் மேட்டில் பாய்மர வீரன் நிற்கிறான். தலையில் கட்டு, மூக்குக்குக் கீழே கறுப்புத் துணி, ஒரு கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டி. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையில் வாளை ஓங்கிக்கொண்டு, படத்தில் பாய்மரத்து உச்சியில் நிற்பானே, அதே நிலை. கண்ணுச்சாமி முகத்தை மணலில் புதைத்துக்கொண்டு கும்பிட்டான். வெகு நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தியபோது யாரும் இல்லை.

படத்தில் இருக்கிறவன் எப்படி இறங்கி வருவான் என்று கேட்டேன்.

"அவனேதான்யா. நான் யாருன்னு கேட்டேன். பதிலே சொல்லல. ஊமைப்படத்துக்காரன் எப்படிப் பேசுவான்?"

ஜமீல் தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

எந்தக் கையில் வாள் என்று கேட்டேன். பீச்சாங்கை என்றான் கண்ணுச்சாமி. எந்தக் கண்ணில் பட்டி என்றேன். சற்று யோசித்து, தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினான். படத்தில் வாள் வலது கையில்தானே இருக்கும், பட்டி இடது கண்ணில்தானே இருக்கும் என்று காசிமாயன் அதட்டினான். கண்ணுச்சாமி அசரவில்லை. படத்தில் எப்படியோ, நேரில் வந்தவன் இப்படித்தான் இருந்தான் என்றான்.

காசிமாயன் கையைத் தட்டினான். அவனுக்கு இது போதும். ஞானசீலன் பீச்சாங்கைக்காரன். மிஷின் கைப்பிடியை இடது கையால் சுற்றுகிறவன். வேஷம் போட்டுக் கிழவனை மிரட்டி ரீலைத் தூக்கியவன் அவன்தான், வேறு யார் என்றான். பிலோமினாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி காசிமாயனைப் பார்த்தான்.

"நான் எடுக்கல. எடுத்திருந்தா எடுத்தேன்னு உங்க முகத்துக்கு நேராச் சொல்லுவேன். அதுக்கும் எனக்குப் பயமில்ல."

நல்ல பதில். ஆனாலும் நல்ல பதில் சொல்லுகிற திருடர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இடித்தது வேறு. விற்கிறவன் எட்டு டப்பாவையும் எடுப்பான். முடிவு மட்டும் யாருக்கு விலை போகும்? முடிவை மட்டும் எடுத்தவனுக்கு விற்பது நோக்கமில்லை. முடிவு ஓடக்கூடாது, அவ்வளவுதான். அந்த முடிவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

 ஞானசீலன்தான் சொன்னான். படத்துக்குக் கதை சொல்லுகிறவர் சேக் இஸ்மாயில். திரைக்குப் பக்கத்தில் நின்று, ஓடுகிற படத்துக்கு உரத்த குரலில் வசனம் பேசுவார். கடைசி ரீலில் பாய்மர வீரன் கவர்னருடைய கப்பலில் குதித்து, அவன் தொப்பியைக் கடலில் எறிவான். அப்போது திரையில் வருகிற இங்கிலீஷ் அட்டையில் 'சீமாட்டியே, விடை பெறுகிறேன்' என்றுதான் இருக்கிறதாம். இஸ்மாயில் பேசுவது வேறு.

"என்ன பேசுவாரு?"

"'கடலும் எங்களுது, உப்பும் எங்களுது. கப்பலைத் திருப்பு.' இதைத்தான் பேசுவாரு. ஜனங்க அதுக்குத்தான் வாராங்க."

உப்புக் காய்ச்சியவர்களை ஊர் ஊராகப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்த வருஷம் அது. யாரோ மொட்டை மனு போட்டுவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் முந்தாநாள் வந்து, சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சுருக்கெழுத்துக்காரரோடு வந்து உட்காருவேன், அந்த வசனத்தைக் காதால் கேட்டால் ஆளைக் கையோடு கூட்டிப்போவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்று சனிக்கிழமை.

வண்டியில் ஏறினேன். இஸ்மாயிலே ஒளித்திருப்பாரோ என்று ஜமீலிடம் கேட்டேன். அந்த மனுஷன் சிறைக்குப் பயந்தவர் இல்லை, சட்டைப்பையில் பல்குச்சி எடுத்துவைத்துக்கொண்டு தயாராக இருக்கிறார் என்றான் ஜமீல். பிறகு வழக்கம்போல வம்பு பேச ஆரம்பித்தான்.

"அண்ணே, அந்தக் கண்ணுச்சாமியும் என் வீட்டுக்காரியும் ஒரே கட்சி. மைதீன் பீவி இந்தப் படத்தை மூணு தடவ பாத்துட்டா. அந்த வீரன் பீச்சாங்கைக்காரன்தான்னு சத்தியம் பண்றா. நான் இல்லைங்கறேன். இதுல ஒரு வாரமா எனக்கு ஒழுங்காச் சோறு இல்ல."

"வண்டியை நிறுத்து."

"சோறு இல்லைன்னதுக்கா?"

சட்டைப்பையில் காசிமாயன் கொடுத்த நோட்டீஸ் இருந்தது. மெல்லிசான மஞ்சள் காகிதம், பாய்மர வீரன் படம் அச்சடித்தது. வலது கையில் வாள். இடது கண்ணில் பட்டி. அதைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். வாள் இடது கைக்குப் போயிருந்தது. பட்டி வலது கண்ணுக்குப் போயிருந்தது. கண்ணுச்சாமி சொன்ன ஆள் அச்சாக அங்கே நின்றான்.

ஜமீல் கடிவாளத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. குதிரை திரும்பிப் பார்த்தது.

பீச்சாங்கைக்காரன் வேஷம் போட்டால் வாள்தான் கை மாறும், கண் பட்டி மாறாது என்று அவனுக்குச் சொன்னேன். ஞானசீலன் தினமும் முன்பக்கமிருந்து படம் பார்க்கிறவன். பட்டியை எந்தக் கண்ணில் கட்டவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டையும் மாற்றிக் கட்டிய ஆள், இந்தப் படத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து மட்டுமே பார்த்த ஆள். ஆண்பிள்ளையை அந்தப் பக்கம் விடமாட்டார்கள்.

"பொம்பளையா?" என்றான் ஜமீல். "அதான் பேசலையா?"

"வாயத் திறந்தா குரல் காட்டிக் குடுத்துரும். இஸ்மாயில் உள்ள போகக் கூடாதுன்னு நெனைக்கிற பொம்பளை யாரு, நீயே சொல்லு."

அவன் வண்டியைக் காஜிமார் தெருப் பக்கம் திருப்பினான்.

இஸ்மாயில் வீட்டில் இல்லை. அவர் மனைவி ஜெயினம்பு கதவைத் திறந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே உட்காரச் சொன்னாள். உயரமான பெண். நாங்கள் வந்த காரணத்தை நான் சொல்லவில்லை. நோட்டீஸை அவள் முன்னால் வைத்து, இந்த ஆள் எந்தக் கைக்காரன் என்று மட்டும் கேட்டேன்.

பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது. அச்சடித்தவன் தப்பாக அடித்துவிட்டான் என்றாள்.

ஜமீல் பெருமூச்சு விட்டான். நான் அவளிடம் கண்ணுச்சாமி சொன்னதைச் சொன்னேன். பிறகு ஞானசீலன் தலையில் இருந்த மணலைப் பற்றியும் சொன்னேன். அவள் அழவில்லை, மறுக்கவும் இல்லை.

"ஆமா அண்ணே, நான்தான். அவரு கைலிய மடிச்சுக் கட்டி, குடைத்துணியக் கிழிச்சு மூஞ்சில கட்டிக்கிட்டு, குடைக்கம்ப வாளாப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். அதுக்கென்ன இப்போ? அவருக்கு நெஞ்சுல சளி. செயில்ல படுக்க வச்சா திரும்பி வரமாட்டாரு. நான் எத்தனையோ சொன்னேன், கேக்கல. அவரு வாய என்னால பூட்ட முடியல. டப்பாவத் திறக்க முடிஞ்சுச்சு."

"உன் புருஷனுக்குப் பதிலா அந்தப் பையன் போவான்."

"ஞானசீலன் தம்பிக்கு ஒண்ணும் ஆவாது. மிஷன் சாமியாரு ஒரு வார்த்தை சொன்னா வெள்ளைக்காரன் விட்ருவான்ல? ஒரே வேதம்தானே."

இதை அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். அந்தச் சாமியார் போன மாசம் ஒரு கிறிஸ்தவப் பையனுக்காக ஸ்டேஷன் வாசலில் காலையிலிருந்து நின்று வெறுங்கையோடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அவள் முகம் அப்போதுதான் மாறியது. விறுக்கென்று சமையல்கட்டுக்குப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். ரீலை அடுப்புக்குப் பக்கத்தில், விறகு அடுக்குக்குள் சொருகி வைத்திருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜமீல் பாய்ந்து ரீலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். இது பற்றினால் இந்தத் தெருவே போயிருக்கும், வீரன் ஊரைக் காப்பாற்றாமல் கொளுத்தியிருப்பான் என்று அங்கிருந்தே சொன்னான்.

வாசலில் சேக் இஸ்மாயில் நின்றுகொண்டிருந்தார். ரீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஒல்லியான மனுஷர். அந்த உடம்புக்குள் அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

"நீயா போனே?" என்று கேட்டார். கோபம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்ததோ என்னவோ. "நல்லது. ரீலக் குடுத்துரு. படம் ஓடும், நான் பேசுவேன்."

"பேசுனா பிடிச்சிட்டுப் போவாங்க."

"போகட்டும்."

கிளம்பும்போது ஜெயினம்பு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். போலீஸ்காரர்கள் பெண்கள் பக்கம் வருவார்களா என்று. வரமாட்டார்கள் என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை நான் ஒப்புக்கொள்ளுகிறேன், வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

காசிமாயனிடம் ரீலை நாணல் புதரில் கண்டெடுத்ததாகச் சொன்னேன். அவன் நம்பவில்லை. நான் சொல்வதை யாரும் நம்பவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை. வேஷக்காரன் கண் பட்டியை மாற்றிக் கட்டியிருந்தான், உன் மிஷின்காரனுக்கு அந்தத் தப்பு வராது என்று மட்டும் சொல்லி, நோட்டீஸைச் சூரியனில் பிடித்துக் காட்டினேன். அவனே காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரீல் திரும்பிவிட்டது, ஆள் யாரென்று கேட்டால் உன் கூடாரத்தில் பாதிச் சனம் நாளையிலிருந்து வராது என்றேன். அது அவனுக்குப் புரிந்தது. கண்ணுச்சாமி மட்டும், வீரனே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஞானசீலன் ரீலை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போனான். பிலோமினாள் குடையை மடக்கி, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவள் படமே பார்ப்பதில்லையாம்.

இருட்டியதும் ஆட்டம் தொடங்கியது. சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் சுருக்கெழுத்துக்காரர், பென்சில் சீவிக்கொண்டு. வாசலில் கான்ஸ்டபிள்கள். நான் கூண்டை ஒட்டி நின்றேன். ஏழு ரீலுக்கும் இஸ்மாயில் நன்றாகப் பேசினார். குதிரைக்கு ஒரு குரல், கவர்னருக்கு ஒரு குரல், புயலுக்கு ஒரு குரல். எட்டாவது ரீல் ஏறியது. வீரன் பாய்மரத்திலிருந்து வழுக்கி இறங்கினான். கவர்னர் தொப்பி பறந்தது. இங்கிலீஷ் அட்டை வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு இஸ்மாயிலைப் பார்த்தார்.

இஸ்மாயில் மூச்சை இழுத்தார்.

அவர் வாய் திறப்பதற்குள் திரையே பேசியது போல இருந்தது.

"கடலும் எங்களுது, உப்பும் எங்களுது."

பெண் குரல். திரைக்குப் பின்னாலிருந்து. அது முடிவதற்குள் இன்னொரு குரல், அதற்குள் பத்து, அதற்குள் அந்தப் பக்கம் முழுவதும். "கப்பலைத் திருப்பு" என்றபோது ஆண்கள் பக்கமும் எழுந்துவிட்டது. மணலில் இருந்தவன், கம்பத்தில் ஏறியிருந்தவன், சோடா விற்கிறவன், எல்லோரும். கூண்டுக்குள் ஞானசீலன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கத்தினான். கத்தாமல் நின்றவர் இஸ்மாயில் ஒருவர்தான். வாய் பாதி திறந்தபடி, மனைவி இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுருக்கெழுத்துக்காரர் பென்சிலோடு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். யார் பெயரை எழுதுவது? கான்ஸ்டபிள் ஒருவன் பெண்கள் பக்கத்துப் படுதாவரைக்கும் ஓடினான். உள்ளே வரிசை வரிசையாகத் துப்பட்டியோ முந்தானையோ இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். எல்லா முகமும் மூடியிருந்தது. அவன் திரும்பி வந்துவிட்டான். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, படம் முடியுமுன்னே போனார்.

ஜனங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நான் மணலில் இறங்கினேன். ஜமீல் வண்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தான், ஜெயினம்பு உட்பட.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன். இருட்டுல, கூட்டத்துல, மூஞ்சிய மூடிக்கிட்டு யாரு வேணும்னாலும் கத்தலாம். தனியா, போலீஸ்காரன் முன்னால நின்னு சொல்லட்டும். அப்ப நம்புறேன்."

அவன் வண்டியைக் கிளப்பினான். நான் பின்னால் நடந்தேன். கரை ஏறுகிற இடத்தில் லாந்தரோடு நின்ற கான்ஸ்டபிள் வண்டியை மறித்தான். உள்ளே யார், முதலில் கத்தியது யார் என்று கேட்டான். ஜமீல் இறங்கி ஏதோ சமாளிக்கப் பார்த்தான். அதற்குள் வண்டியிலிருந்து ஒரு உயரமான உருவம் இறங்கியது. துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கி, லாந்தர் வெளிச்சத்தில் நேராக நின்றது.

"நான்தான். கடலும் எங்களுது, உப்பும் எங்களுது. எழுதிக்கோ."

கான்ஸ்டபிள் அவளைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான். லாந்தரைக் கீழே இறக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான். அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கரை ஏறியது.

ஜமீல் திரும்பி என்னைத் தேடினான். இருட்டில் அவன் பல் தெரிந்தது.

"இப்ப என்ன சொல்றீக?"

அந்தக் கான்ஸ்டபிளுக்கும் வீட்டில் பெண்டாட்டி இருப்பாள், அவளுக்குப் பயந்து விட்டிருப்பான் என்றேன். நாளைக்கு வேறு ஆள் நிற்பான், பார்க்கலாம் என்றும் சொன்னேன். வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, மணலில் செருப்பை உதறிக்கொண்டு, யானைக்கல் பக்கம் நடந்தேன்.